விவசாயக் காணி இடாப்பும் கணினிப் பதிவும்: தீவகக் கமக்காரர் அறியவேண்டியவை

தீவகத்தில் நெல் விளையும் இடங்களிலெல்லாம் கமக்காரர் நம்பியிருப்பது வானத்தையே. பெருங்குளமும் வாய்க்காலும் இல்லாத மண்ணில், ஐப்பசி கார்த்திகை மாதங்களில் வரும் வடகீழ்ப் பருவமழையைக் கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை காலபோகம் மாத்திரமே செய்யப்படுகின்றது. இரணைமடுக் குளத்தின் கீழ்ச் செய்கை பண்ணுவோர் காலபோகத்தில் இழந்ததைச் சிறுபோகத்தில் ஓரளவுக்கேனும் ஈடுசெய்துகொள்ளலாம். வேலணையிலும் புங்குடுதீவிலும் அதற்கு இடமில்லை. ஆகவே பசளை மானியம் கைக்கு வராமலோ, பயிரழிவுக்கு நட்டஈடு கிடையாமலோ ஒரு போகம் கழியுமாயின், கழிந்தது ஒரு முழு ஆண்டு என்றே கொள்ளல் வேண்டும்.

இவ்வுதவிகள் கிடையாமற் போவதற்குப் பல காரணங்கள் கூறப்படுவதுண்டு. உத்தியோகத்தர் பாரபட்சம் காட்டினர் என்பர் சிலர். கணினி பெயரை விழுங்கிவிட்டது என்பர் வேறு சிலர். இவற்றில் உண்மை இருத்தலுங் கூடும். எனினும் முறைப்பாடு செய்யுமுன் முதலிற் பார்க்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. அது கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயக் காணி இடாப்பு. கணினித் திரையிலே தோன்றும் பெயரும் பரப்பளவும் அவ்விடாப்பிலிருந்து எடுக்கப்பட்டவையே. இடாப்பிலே பிழை இருப்பின் திரையிலும் அதே பிழை இருக்கும். திரையிலிருந்து வங்கிக்கும், வங்கியிலிருந்து கமக்காரரின் கைக்கும் அதுவே வந்து சேரும்.

இடாப்பு வந்த வழி

காணிகளையும் ஆட்களையும் ஏட்டிற் பதியும் வழக்கம் யாழ்ப்பாணத்தாருக்குப் புதியதன்று. போர்த்துக்கேயரும், 1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் எழுதிவைத்த தோம்புகளை முதியோர் அறிவர். அன்றைய தோம்பு வரி வாங்குவதற்காக எழுதப்பட்டது. அதிற் பெயர் இல்லாதிருந்தால் இலாபம் என்று கருதியவர்களும் இருந்திருப்பர். இன்றைய இடாப்பின் நிலை வேறு. இதிற் பெயர் இல்லாதவருக்கு நட்டமேயாம். ஏட்டிற் பெயர் எழுதுவிப்பதில் நம்மவர் சிலரிடம் காணப்படும் தயக்கம் தோம்புக் காலத்து மிச்சமோ என எண்ணத் தோன்றுகின்றது.

1958 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நெற்காணிச் சட்டம், அன்று விவசாய அமைச்சராயிருந்த பிலிப் குணவர்தனவின் முயற்சியால் நிறைவேறியது. அச்சட்டத்தின்கீழ் அமைந்த பயிர்ச்செய்கைக் குழுக்கள் நெற்காணிகளைப் பதிவுசெய்தன. பின்னர் 1979 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கக் கமநல சேவைகள் சட்டமும், அதன்பின் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் வந்தன. இன்று கமநல அபிவிருத்திச் சபையின் பொறுப்பிலே விவசாயக் காணி இடாப்பு பேணப்படுகின்றது. அண்மை ஆண்டுகளில் கமநல அபிவிருத்தித் திணைக்களம் ‘ஜியோ கொவிய’ என்னும் கணினி முறையின் மூலம் கமக்காரரின் விபரங்களையும் காணிகளின் அமைவிடத்தையும் வரைபடத்தோடு இணைத்துப் பதிந்து வருகின்றது.

கணினியின் பயனும் எல்லையும்

கணினிப் பதிவின் பயனைக் குறைத்து மதித்தலாகாது. 2022 ஆம் ஆண்டு யூலையில் எரிபொருளுக்குப் பெருந்தட்டுப்பாடு நிலவியபோது, கைத்தொலைபேசியிற் காட்டும் கியூஆர் குறியீட்டின்படி வாரந்தோறும் அளவிட்டு எரிபொருள் வழங்கும் முறை தொடங்கப்பட்டது. 2023 செப்தெம்பர் வரை அது நடைமுறையில் இருந்தது. தமக்கு இவ்வாரம் எத்தனை லீற்றர் உரியது, அதில் எடுத்தது எவ்வளவு, மீதி எவ்வளவு என்பதை ஒவ்வொருவரும் தம் கையிலேயே பார்க்க முடிந்தது. ஒரே வகை வாகனம் வைத்திருந்த கொழும்பாருக்கும் ஊர்காவற்றுறையாருக்கும் அளவு ஒன்றே. வரிசையில் முன்னே நிற்பவர் யாருடைய உறவினர் என்ற கேள்விக்கு அங்கே வேலை குறைந்தது.

ஆயினும் அதே முறை வேறொன்றையும் காட்டிற்று. அது வாகன இலக்கத்தைக் கொண்டு அமைக்கப்பட்டது. கிணற்றடியில் நிற்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கு வாகன இலக்கம் ஏது? அதற்கு வேறு ஏற்பாடு வேண்டியிருந்தது. கணினி எதை எண்ணும்படி பணிக்கப்பட்டதோ அதை மாத்திரம் எண்ணும். எண்ணப்படாதது வயலிலே நின்றாலும், தோட்டத்திலே காய்த்தாலும், அதன் கணக்கில் இல்லாததே.

பரப்புக் கணக்கில் நேரும் பிழை

தீவகக் கமக்காரர் மிகவும் கவனிக்கவேண்டிய விடயம் இதுவாகும்.

கணினிப் பதிவு ஏக்கரிலோ ஹெக்டேயரிலோ நடைபெறுகின்றது. நம்முடைய உறுதிகளோ பரப்பிலும் குழியிலும் எழுதப்பட்டவை. பரப்பை இலாச்சம் என்றுங் கூறுவர். இப்பரப்பும் ஒரே அளவினதன்று. வரகுக் கணக்கில் 18 குழி ஒரு பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர். நெற்கணக்கில் 12 குழி ஒரு பரப்பு. ஆகவே 24 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு ஹெக்டேயர் என்பது ஏறக்குறைய 2.47 ஏக்கர். எனவே அது வரகுக் கணக்கில் ஏறத்தாழ 39½ பரப்பும், நெற்கணக்கில் ஏறத்தாழ 59 பரப்பும் ஆகும்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். ஒருவருடைய உறுதியில் வரகுக் கணக்கில் 32 பரப்பு என எழுதப்பட்டிருப்பின் அவருடைய காணி 2 ஏக்கர், அதாவது 0.81 ஹெக்டேயர். 2024/25 காலபோகத்தில் நெற்செய்கைக்குரிய பசளை மானியம் ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவிலிருந்து 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அக்கணக்கின்படி அவருக்கு உரியது 20,000 ரூபாவுக்குச் சற்று அதிகம். பதிவு செய்பவர் அந்த 32 பரப்பை நெற்கணக்கு என மயங்கி எழுதினாற் காணி 1⅓ ஏக்கராகிவிடும்; பணமும் ஏறத்தாழ 13,500 ரூபாவாகக் குறைந்துவிடும். ஒரு சொல்லைக் கவனியாமையால் ஒரு போகத்தில் 6,700 ரூபா வரையில் இழப்பு. இப்பிழை திருத்தப்படாதவிடத்து அடுத்த போகத்திலும், அதற்கடுத்த போகத்திலும் அவ்வாறே தொடரும். ஏனெனில் கணினி ஒருமுறை எழுதப்பட்டதையே மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டும் இயல்புடையது.

மறுபுறமும் உண்டு. நெற்கணக்குப் பரப்பை வரகுக் கணக்காக எழுதுவித்து அதிக பணம் பெறலாம் என எண்ணுவோர், வரைபடத்தோடு ஒப்பிடும்போது அகப்படுவர் என்பதை மறத்தலாகாது. உறுதியை வாசித்து, எந்தக் கணக்கு என்பதைத் தெரிந்து, ஏக்கரில் எவ்வளவு என்பதைக் கடதாசியில் எழுதிக்கொண்டு நிலையத்துக்குச் செல்லல் வேண்டும். அங்கே திரையிற் காணும் எண்ணும் கையிலுள்ள எண்ணும் ஒன்றாய் இருக்கின்றனவா என்று கேட்டறிதல் வேண்டும். திரையைக் காட்டும்படி கேட்பதிற் கூச்சம் வேண்டுவதில்லை. அது அவருடைய காணியின் கணக்கு.

காணிக்காரர் ஒருவர், செய்பவர் வேறொருவர்

1990, 1991 ஆம் ஆண்டுகளிற் போரினாலே தீவக மக்கள் பெருந்தொகையினராய் இடம்பெயர்ந்தனர். திரும்பி வந்தோர் சிலர். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் தங்கிவிட்டோர் பலர். இதனால், இடாப்பிலே தந்தையின் பெயரோ பேரனாரின் பெயரோ இன்னும் நிற்க, வயலிலே வேறொருவர் குத்தகைக்கோ வாரத்துக்கோ செய்கை பண்ணும் நிலை தீவகத்திற் சாதாரணமாயிற்று. மழையை நோக்கி நிற்பவர் ஒருவர்; விதைநெல்லுக்குக் கடன்பட்டவரும் அவரே. ஏட்டிலே உள்ளவரோ உயிரோடில்லாதவர், அன்றேல் கடலுக்கு அப்பால் உள்ளவர்.

இந்நிலையைச் சீர்செய்வதற்குக் காணிக்காரர் தயங்குவதற்கு ஒரு காரணமுண்டு. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரருக்கு நிலையான, வாரிசுக்குச் செல்லத்தக்க உரிமையை அளித்தது. அதன் நினைவால், செய்பவரின் பெயரை ஏட்டில் எழுத இடங்கொடுத்தாற் காணியே கைவிட்டுப் போகும் என்று அஞ்சுவோர் இன்றும் உளர். அச்சத்தைப் பழித்தல் எளிது. அது தீர வழி காட்டுதலே தக்கது. எத்தகைய பதிவு எத்தகைய உரிமையைத் தரும் என்பதை, இருவரும் சேர்ந்து சென்று, கமநல அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே கையொப்பமிடல் வேண்டும். வாய்ப்பேச்சாகச் செய்யும் குத்தகை இருவருக்குமே தீது. போகம், பரப்பு, கொடுக்கவேண்டிய நெல் அல்லது பணம் என்பன எழுதப்பட்ட கடிதம் இருத்தல் நன்று. வெளிநாட்டில் உள்ளவர் அற்றோணித் தத்துவம் கொடுத்திருப்பின், அத்தத்துவகாரர் கையொப்பமிடலாம்.

காணிக்காரர் இறந்துபோயிருப்பின், மரண அத்தாட்சிப் பத்திரம் முதலில் வேண்டும். முன்னர் இதன் பிரதியைப் பெறுதற்கு மரணம் பதியப்பட்ட இடத்துக்கே செல்லவேண்டியிருந்தது. இப்பொழுது கணினியில் ஏற்றப்பட்ட பதிவுகளின் பிரதியை வேறு பிரதேச செயலகங்களிலும் பெறக்கூடியதாயுள்ளது. கொழும்பில் இறந்தவரின் பத்திரத்துக்காகத் தீவிலிருந்து கொழும்புக்குப் பயணஞ்செய்ய வேண்டிய தேவை இதனாற் குறைந்திருக்கின்றது.

இடாப்பை ஊரறிய வாசித்தல்

இந்தியாவில் இராஜஸ்தான் மாநிலத்தின் வரண்ட கிராமங்களில், 1990 ஆம் ஆண்டில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் தொழிலாளர், கமக்காரர் அமைப்புத் தோன்றியது. அரசாங்க வேலைகளில் உழைத்தோருக்குச் சட்டப்படியான கூலி கிடையாமை அவர்களுடைய முறைப்பாடு. 1994 ஆம் ஆண்டு டிசெம்பரிற் கோத் கிரானா என்னும் ஊரிலே அவர்கள் ஒரு கூட்டங்கூட்டினர். வேலைக்கு வந்தோர் இடாப்பும் செலவுச் சீட்டுகளும் அங்கே ஊரார் முன்னிலையில் உரத்து வாசிக்கப்பட்டன. இன்னார் இத்தனை நாள் உழைத்தார் என்று வாசிக்கப்பட, அன்னார் அங்கேயே எழுந்து அது உண்மையா பொய்யா என்று சொன்னார். அக்கூட்டங்களில் எழுந்த கோரிக்கையே பின்னர் 2005 ஆம் ஆண்டின் இந்தியத் தகவலறியும் உரிமைச் சட்டத்துக்கு முக்கிய தூண்டுதல்களுள் ஒன்றாயிற்று.

அங்கே கணினி எதுவும் பயன்படவில்லை என்பது நோக்கத்தக்கது. எழுதப்பட்டவர் எழுதப்பட்டதைக் கேட்டார், அவ்வளவே. தீவகத்திலும் கமக்காரர் அமைப்புகள் இதனைச் செய்யலாம். போகத்துக்கு முன்னர் கூடும் கூட்டத்தில், காணியின் பெயர், செய்பவரின் பெயர், பரப்பு ஆகிய மூன்றையும் உத்தியோகத்தர் வாசிக்கும்படி கேட்கலாம். ஒரு வயலின் எல்லையை அயல் வயற்காரரிலும் நன்கு அறிந்தவர் யார்? வங்கிக் கணக்கிலக்கம், அடையாள அட்டை இலக்கம் என்பவற்றை மாத்திரம் கூட்டத்தில் வாசித்தலாகாது; அவை ஒவ்வொருவரும் தனித்துப் பார்த்து உறுதிசெய்யவேண்டியவை.

பால்டிக் கடலோரத்தில் உள்ள எஸ்தோனியாவும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தீவுகளைக் கொண்ட நாடே. அந்நாட்டார், தம் விபரங்களை எந்த அலுவலகம் எப்பொழுது எடுத்துப் பார்த்தது என்பதையே அரசாங்க இணையத்தளத்திற் பார்க்கின்றனர். அந்த நிலைக்கு நாம் இன்னும் தூரஞ் செல்லவேண்டும். அதுவரை கூட்டத்தில் வாசிப்பதே நமக்குக் கைவந்த வழி.

கேட்டும் விடை கிடையாதபோது

பிழையைத் திருத்தும்படி கேட்டும் பதில் வராதவிடத்து, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் துணைசெய்யும். இது 2017 பெப்ரவரி 3 ஆந் திகதி முதல் நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு அரசாங்க அலுவலகத்துக்கும் ஒரு தகவல் அலுவலர் உண்டு. அவரிடம் எழுத்திலே கேட்டல் வேண்டும். எழுத இயலாதவர் வாயாற் சொல்லலாம்; அதனை எழுதிக்கொள்வது அவ்வலுவலரின் கடமையென்று சட்டமே கூறுகின்றது. எதற்காகக் கேட்கின்றீர் என்ற வினாவுக்குக் கமக்காரர் விடையிறுக்க வேண்டுவதில்லை.

விண்ணப்பத்தைக் கொடுத்தவுடன் அது கிடைத்ததற்கான எழுத்துச் சான்றைப் பெற்றுக்கொள்ளல் மிகவும் அவசியம். நாட்கணக்கு அதிலிருந்தே தொடங்குகின்றது. 14 வேலை நாட்களுக்குள் தகவல் தரப்படுமா இல்லையா என்ற முடிவை அறிவித்தல் வேண்டும். தர முடிவுசெய்தால் அதன்பின் 14 நாட்களுக்குள் தகவல் தரப்படல் வேண்டும். தக்க காரணங்காட்டி 21 நாட்களுக்கு மேற்படாமல் அக்காலத்தை நீடிக்கலாம். மறுக்கப்பட்டால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரங்களுக்குள் முடிவு கூறல் வேண்டும். அதுவும் பயன்படாதவிடத்து இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடம் செல்லலாம்.

இக்காலங்களைக் கூட்டிப் பார்ப்பவர், ஐப்பசியிற் கேட்டால் அறுவடையுடனேயே விடை வரலாம் என்பதை உணர்வர். ஆதலால் ஆனி, ஆடி மாதங்களிலேயே கேட்டல் வேண்டும்.

கேள்வி எவ்வளவுக்கு நேராக இருக்கின்றதோ அவ்வளவுக்கு விடையும் நேராக வரும். “எனக்கு ஏன் பணம் வரவில்லை” என்று எழுதுவதிலும், “இன்ன பெயருடைய காணி சென்ற காலபோகத்தில் எத்தனை ஏக்கராகப் பதியப்பட்டிருந்தது, செய்கையாளர் என எவருடைய பெயர் இருந்தது, எத்திகதியில் எத்தொகை எவ்வங்கிக்கு அனுப்பப்பட்டது” என்று எழுதுதல் சிறந்தது. பிறருடைய அந்தரங்க விபரங்களைத் தர அலுவலர் மறுக்கலாம். தம்முடைய பதிவைக் கேட்பதற்கு அது தடையாகாது.

மொழியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தாலே தமிழும் அரசகரும மொழியாயிற்று. 1988 ஆம் ஆண்டின் பதினாறாந் திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிருவாக மொழி தமிழே. எனவே விளங்காத மொழியிலுள்ள படிவத்திற் கையொப்பமிடும்படி கூறப்பட்டால், தமிழ்ப் படிவத்தைக் கேட்டல் கமக்காரரின் உரிமையாகும்.

மரக்கறிச் செய்கையாளருக்கு

மேற்கூறியவற்றிற் பெரும்பகுதி நெல்லைப் பற்றியதாயிருத்தலைத் தோட்டக்காரர் குறையாகக் கருதலாம். அக்குறை நியாயமானதே. அண்மை ஆண்டுகளிற் கட்டணமில்லாத பயிர்க் காப்புறுதி நெல், சோளம், சோயா அவரை, பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய் ஆகிய ஆறு பயிர்களுக்கே வகுக்கப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்தாரின் சின்ன வெங்காயம் அப்பட்டியலில் இல்லை. கத்தரியும் பயிற்றையும் இல்லை. எனினும் தோட்டக் காணியையும் கிணற்றையும் இடாப்பிற் பதிவித்தல் வீணன்று. ஓர் ஊரில் எத்தனை பரப்பிற் சின்ன வெங்காயம் நடப்படுகின்றது என்ற எண் ஏட்டில் இல்லாதவரை, அதற்கு உதவி கேட்போரின் கையில் ஆதாரம் இல்லை. விலையை அறிவதற்கு, ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனம் வெளியிடும் நாளாந்தச் சந்தை விலைகளைக் கைத்தொலைபேசியிற் பார்க்கலாம். படகேற்றுமுன் விலை தெரிந்திருத்தல் தரகரோடு பேசுவதற்கு உதவும்.

எவ்விடத்திற் கேட்பது

ஒரு வேலைக்கு இருமுறை கடல் கடப்பது நெடுந்தீவாருக்கும் நயினாதீவாருக்கும் பெருஞ்செலவு. குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவு, வேலணை வழியே பண்ணைப் பாலத்தைக் கடந்து நகரஞ் சேர்ந்த பின்னர், “இது இவ்வலுவலகத்து வேலையன்று” என்று கேட்பதிலும் மனச்சலிப்புத் தருவது வேறில்லை. விதை, பசளையிடும் அளவு, நோய், பூச்சி என்பவை விவசாயப் போதனாசிரியரின் பொறுப்பு. 1920 என்னும் இலக்கத்திலும் விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனையைப் பெறலாம். இடாப்பும் மானியமும் கமநல சேவை நிலையத்தைச் சேர்ந்தவை. பயிரழிவு நட்டஈடு கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபைக்குரியது. உறுதிகள் காணிப் பதிவகத்துக்குரியவை. எந்த வேலைக்கு எந்தப் பத்திரம் வேண்டும் என்பதை, புறப்படுமுன் அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 என்னும் இலக்கத்திற் தமிழிலே கேட்டறியலாம். கமக்காரர் அமைப்பு எழுத்தில் வேண்டிக்கொண்டு, இடாப்புத் திருத்தும் நடமாடும் சேவையைத் தீவிலேயே ஒரு நாள் நடத்துவிக்க முயலுதல் எல்லாவற்றிலும் மேலானது.

பதிவிலுள்ள தொலைபேசி இலக்கம் கமக்காரருடையதாகவே இருத்தல் வேண்டும். கடைக்காரருடையதோ வெளியூர் சென்ற மகனுடையதோ இருப்பின் அறிவித்தல் அவர்களுக்கே போகும். இலக்கத்தை மாற்றினால் நிலையத்துக்கும் வங்கிக்கும் அறிவித்தல் வேண்டும். வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி, கைத்தொலைபேசிக்கு வந்த இரகசிய எண்ணைக் கேட்பவருக்கு அதனைச் சொல்லலாகாது. மானியம் வழங்குவதற்கு எவ்வலுவலகத்துக்கும் அவ்வெண் தேவையில்லை. நெடுநாட் கொடுக்கல் வாங்கல் இல்லாத வங்கிக் கணக்கு முடங்கியிருக்கக் கூடுமாதலால், புத்தகத்தை ஒருமுறை வங்கியிற் காட்டி விசாரித்தல் நன்று.

நிலையத்துக்குச் செல்லும்போது தேசிய அடையாள அட்டை, உறுதி அல்லது குத்தகைக் கடிதம், ஏக்கர் வரி செலுத்திய பற்றுச்சீட்டு, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் மூலத்தையும் ஒவ்வொரு பிரதியையும் கொண்டுசெல்லல் வேண்டும். படகிற் செல்வோர் இவற்றை நீர்புகாத உறையில் இட்டுக்கொள்வாராக. திருத்தம் செய்யப்பட்டதும், திருத்திய பதிவின் அச்சுப்பிரதியொன்றைத் திகதியும் கையொப்பமும் இடுவித்து வாங்கி, உறுதியோடு சேர்த்து வைத்தல் வேண்டும்.